அப்பாவின் பதக்கங்களுக்குத் திறந்து மூடும் ஒரு கண்ணாடிப் பேழை

என் அப்பா 1963ஆம் ஆண்டு மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து, 24 ஆண்டுகள் பணியாற்றி, 1987இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அவருடைய பதக்கங்களை ஒரு கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் கூடத்துச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. அதை இப்போது செய்து முடித்திருக்கிறேன். நான்கு மாதங்களின் விடுமுறை நாள்கள் பிடித்தன. அவற்றில் பாதி, முதல் நாளே நான் செய்த ஒரு தவற்றைத் திருத்துவதிலும், செய்து முடித்த பின்பலகையைப் பிரித்து மறுபடி செய்வதிலும் கழிந்தன. தம் வீட்டு முன்னாள் படைவீரருக்காக இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், அளவுகளையும் பொருள்களையும் தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பதக்கங்கள் இருந்த நிலையை முதலில் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்று வந்த ஆண்டிலிருந்து அவை ஒரு பி.வி.சி. உறைக்குள், அப்பாவின் கம்பளித் தொப்பியோடு சேர்த்துச் சுருட்டப்பட்டு, தகரப் பெட்டியின் அடியில் கிடந்தன. உறையைப் பிரித்தபோது அது பதக்கங்களோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஓரங்களில் பச்சை நிறத்தில் பிசுபிசுப்பு படிந்திருந்தது. பி.வி.சி. நாளாக ஆகச் சிதையும். அப்போது அது வெளிவிடும் அமிலம் செம்பு கலந்த உலோகத்தைத் தின்னும். அந்தப் பச்சைப் படிவு அதன் விளைவு. கம்பளியும் நல்ல துணையன்று. அதிலுள்ள கந்தகம் மெல்ல வெளியேறி உலோகத்தைக் கறுக்கச் செய்கிறது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அப்பா தேர்ந்தெடுத்த இரண்டு பொருள்களுமே பதக்கங்களுக்குக் கேடு செய்திருந்தன. வேறெதையும் செய்ய உங்களுக்கு நேரமில்லை என்றாலும், இன்றே அந்த நெகிழி உறையிலிருந்து பதக்கங்களை வெளியே எடுத்து, வெளுத்த பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள்.

இனி என் தவறு. ஒன்பது ஆண்டு நீண்ட சேவைப் பதக்கத்தைச் சோதனைக்காக எடுத்துக்கொண்டு, வீட்டிலிருந்த உலோகப் பாலிஷ் பசையைத் தடவித் துணியால் தேய்த்தேன். பளபளப்பு வந்தது. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த உலோகத்தின் மேல் தானாகப் படிந்திருந்த அடங்கிய சாம்பல் மெருகு போய்விட்டது. எழுத்துகளின் இடுக்குகளில் பசை வெள்ளையாக உறைந்து நின்றது. ரிப்பனின் கீழ்முனையில் ஒரு நகத்தளவுக்குக் கறை ஏறிவிட்டது. பாலிஷ் என்பது மிக நுண்ணிய உப்புத்தாள். ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகத்தின் மேல்தோல் கொஞ்சம் போகிறது. வட்டப் பதக்கங்களின் விளிம்பில்தான் படைவீரரின் சர்வீஸ் நம்பரும் பதவியும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். பலமுறை பாலிஷ் போட்டால் முதலில் மழுங்குவது அந்த எழுத்துகள். அப்பா அந்தப் பதக்கத்தை வாங்கி, விளிம்பைக் கட்டைவிரலால் மெல்லச் சுற்றித் தடவிப் பார்த்தார். உதடு அசைந்தது, தன் நம்பரைச் சொல்லிக்கொண்டே ஒவ்வோர் இலக்கமாகத் தொட்டுச் சரிபார்க்கிறார் என்பது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் விளங்கியது. ஒரு சுற்று முடிந்ததும், “எழுத்து எல்லாம் அப்படியே இருக்கும்மா. இத்தோட விட்டுரு” என்றார். இடுக்குகளில் உறைந்த பசையை, காய்ச்சி வடித்த நீரில் முனை நனைத்த மூங்கில் பற்குச்சியால், உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் இரண்டு மாலைகள் உட்கார்ந்து எடுத்தேன். ரிப்பன் கறையை எடுக்க முயலவில்லை.

மற்றப் பதக்கங்களின் பச்சைப் பிசுக்கை நீக்க அசிட்டோன் பயன்படுத்தினேன். ரிப்பனில் அது பட்டால் சாயம் கலங்கக்கூடும். எனவே ரிப்பனுக்கும் பதக்கத்துக்கும் நடுவே ஒரு பாலியெஸ்டர் தாளைச் செருகிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியை அசிட்டோனில் தோய்த்து, பஞ்சில் பச்சை ஏறுவது நிற்கும் வரை மாற்றி மாற்றி ஒற்றியெடுத்தேன். தேய்க்கவில்லை. சன்னல்களைத் திறந்து வைத்து, அருகில் நெருப்பு ஏதும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரிப்பன்களைத் துவைக்கவே கூடாது. அவற்றின் மேல் மெல்லிய வலைத்துணியைப் போர்த்தி, தூசி உறிஞ்சும் கருவியை மிகக் குறைந்த வேகத்தில் வலைக்கு மேலே பிடித்தால் போதும். பழைய பதக்கங்களுக்குப் புது ரிப்பன் மாற்றிவிடுவது பலர் செய்யும் வேலை. நான் செய்யவில்லை. அந்த ரிப்பன்களின் பின்புறம் அப்பா தன் கையால், பாசறையில் உட்கார்ந்து, காக்கி நூலில் போட்ட தையல் இருக்கிறது. தையல்கள் சீராகவும் இல்லை. ஓர் இடத்தில் நூல் தீர்ந்து கறுப்பு நூலுக்கு மாறியிருக்கிறது. அதைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

ரிப்பன்கள் ஏழு இருந்தன, பதக்கங்கள் ஆறுதான். விடுதலையின் 25ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1972 ஆகஸ்டு 15 அன்று பணியில் இருந்த படைவீரர்களுக்குக் கொடுத்த பதக்கம் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது; அதன் ரிப்பன் மட்டும், பதக்கங்களை வரிசையாகக் கோத்துச் சட்டையில் குத்திக்கொள்ளும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதே பதக்கம் ஒன்று பழம்பொருள் விற்பவர் ஒருவரிடம் விற்பனைக்கு இருப்பதைக் கண்டு படம் கேட்டேன். விளிம்பில் வேறொரு மனிதரின் நம்பரும் பெயரும் இருந்தன. அது இன்னொரு வீட்டு அப்பாவுடையது. வாங்கி மாட்டியிருந்தால் தள்ளி நின்று பார்ப்பவர்களுக்கு ஏழும் நிறைவாகத்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் நான் வாங்கவில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக, பெங்களூரில் உள்ள படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு, டிஸ்சார்ஜ் புத்தகத்தின் (பணியிலிருந்து விடுவிக்கும்போது தரும் பதிவேட்டின்) நகலை இணைத்து விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம். அது வரும் வரை அந்த இடத்தில் ரிப்பன் மட்டும் இருக்கட்டும் என்று அப்பாவே சொன்னார்.

பேழையின் அளவு பதக்கங்களின் அகலத்திலிருந்து பிறந்தது. ரிப்பனின் அகலம் 32 மி.மீ. ரிப்பன்களை நெருக்கமாக வைத்தால் ஏழுக்கும் 224 மி.மீ. போதும். ஆனால் 1971 போரில் மேற்கு முனையில் பணியாற்றியவர்களுக்கான பஸ்சிமி ஸ்டார் ஐந்து முனை கொண்ட நட்சத்திரம்; முனைக்கு முனை 40 மி.மீ. இருப்பதால் பக்கத்துப் பதக்கத்தில் இடிக்கும். பெட்டிக்குள் இத்தனை ஆண்டுகள் அவை ஒன்றோடொன்று உரசியதன் தடங்கள் எல்லாப் பதக்கங்களிலும் இருக்கின்றன. இனிமேல் அது கூடாது என்பதால் மையத்துக்கு மையம் 50 மி.மீ. வைத்தேன். ஆறு இடைவெளிக்கு 300, இரு முனைகளுக்குமாக 40. ஆக 340 மி.மீ. இருபுறமும் 40 விட்டு, உள் அகலம் 420 என்று முடிவு செய்தேன். உள் உயரம் 300. ஆழம் 45, இதில் கண்ணாடிக்கும் பதக்கத்துக்கும் நடுவே 15 மி.மீ. காற்றுவெளி கிடைக்கிறது.

மரம் விஷயத்தில் கவனம் தேவை. எந்த மரமும் கொஞ்சமாவது அமில ஆவியை வெளிவிடும், ப்ளைவுட்டும் எம்.டி.எப். பலகையும் பசையினால் இன்னும் மோசம். என்னிடம் பழைய சன்னலிலிருந்து எடுத்த தேக்குச் சட்டங்கள் இருந்தன. நன்றாகக் காய்ந்த மரம்தான். இருந்தாலும் உட்புற முகங்கள் முழுவதும் அலுமினியப் பட்டையை ஒட்டி மூடிவிட்டேன். மூலைகளை 45 பாகையில் அறுத்து, பசையிட்டு, ஒவ்வொரு மூலைக்கும் ஒரு மெல்லிய மரத்துண்டைக் குறுக்கே செருகி இறுக்கினேன். கண்ணாடியை ஒட்டச் சிலிக்கான் வாங்கினால் முதலில் முகர்ந்து பாருங்கள். புளித்த காடி வாடை வந்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை. பேழைக்குள் அதற்கு இடமில்லை.

உள்விரிப்புத் துணிக்கு நான் முதலில் நினைத்தது அடர்சிவப்பு வெல்வெட். அதைப் பேழைக்குள் வைப்பதற்கு முன், அருங்காட்சியகங்களில் செய்யும் ஒரு சோதனையின் எளிய வடிவத்தைச் செய்து பார்த்தேன். மூன்று கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிய செம்புத் துண்டு ஒன்று, ஈரப் பஞ்சு கொஞ்சம். முதல் புட்டியில் வெல்வெட், இரண்டாவதில் மூன்று முறை வெந்நீரில் அலசிக் கஞ்சி நீக்கிய சாயமிடாத பருத்தித் துணி, மூன்றாவதில் துணி ஏதும் இல்லை. அருங்காட்சியகங்களில் இதை 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 28 நாள் வைப்பார்கள். நான் மூடிகளை இறுக்கி, நாள் முழுதும் வெயில்சூடு படும் மாடியறையில் அதே 28 நாள் வைத்தேன். வெல்வெட் புட்டியில் இருந்த செம்பு பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக மாறியிருந்தது. பருத்திப் புட்டிச் செம்புக்கும் வெறும் புட்டிச் செம்புக்கும் வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை. வெல்வெட்டைக் கைவிட்டேன். பதக்கங்களின் நிறங்கள் வெளிர்ந்த துணியின் மேல்தான் தெளிவாகத் தெரிகின்றன என்பதையும் பிறகு கண்டேன்.

துணிக்குப் பின்னால் அமிலமற்ற அட்டை. அட்டைக்கும் துணிக்கும் நடுவே 12 மி.மீ. தடிமனுள்ள பாலிஎத்திலீன் நுரைத்தகடு. இந்த நுரையில் ஒவ்வொரு பதக்கத்துக்கும் அதன் உருவத்திலேயே ஆழமற்ற குழி வெட்டி, துணியை அதற்குள் அழுத்திப் பதித்தேன். பதக்கம் குழியில் உட்கார்ந்துகொள்வதால் அதன் எடையைப் பழைய ரிப்பன் சுமக்க வேண்டியதில்லை. பசை ஒரு சொட்டுக்கூட இல்லை. சூட்டுப்பசைத் துப்பாக்கியால் பதக்கங்களை அட்டையில் ஒட்டிவிட்ட பேழைகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றைச் சேதமின்றிப் பிரிப்பது பெரும்பாடு.

வரிசையை நான் ஆண்டுப்படி அடுக்கினேன். 1965 போரையொட்டிய ரக்ஷா மெடல் முதலில், பிறகு 1971 போருக்கான பஸ்சிமி ஸ்டாரும் சங்கிராம் மெடலும், பிறகு மற்றவை. தைக்கும் முன் அப்பாவை அழைத்துக் காட்டினேன். ஒரு கணம் பார்த்துவிட்டு, “பஸ்சிமி ஸ்டார் அல்லவா முதல்ல வரும்?” என்றார். பதக்கங்களின் வரிசை என்பது வாழ்க்கை வரலாறு அன்று. அது அரசு வகுத்த முன்னுரிமை வரிசை. நட்சத்திரம் முதலில், அடுத்து ரக்ஷா மெடல், சங்கிராம் மெடல், சைன்ய சேவா மெடல், 25ஆம் ஆண்டு நிறைவுப் பதக்கம், 20 ஆண்டு நீண்ட சேவைப் பதக்கம், கடைசியில் 9 ஆண்டு நீண்ட சேவைப் பதக்கம். அணிபவரின் இடது மார்பில், மார்பின் நடுக்கோட்டை ஒட்டி மூத்த பதக்கம் இருக்கும். எதிரே நின்று பார்ப்பவருக்கு அது இடப்பக்கம் முதலாவதாகத் தெரியும். பேழையிலும் அப்படியே வைக்க வேண்டும்.

அன்று மாலையே தலைப்புப் பட்டையிலும் திருத்தம் வந்தது. “வீரப் பதக்கங்கள்” என்று அழகாக எழுதி அச்சிட்டு வைத்திருந்தேன். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இது வேண்டாம் என்றார். இவை பணிக்காகக் கொடுத்தவை. அந்தப் போர்முனையில், அந்த நாள்களில், பணியில் இருந்தவர்களுக்கு உரியவை. வீரப் பதக்கம் என்பது பரம்வீர் சக்கரம், மகாவீர் சக்கரம், வீர் சக்கரம் என்ற வேறு வரிசை. அப்போதுதான் அவர் பசந்தர் ஆற்றைப் பற்றிப் பேசினார். 1971 டிசம்பரில், அந்த ஆறு ஓடும் பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில், எதிரியின் குண்டுவீச்சுக்கு நடுவே கண்ணிவெடி வயலில் டாங்கிகளுக்குப் பாதை திறந்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த 9 என்ஜினியர் ரெஜிமென்ட்காரர்கள். பாதை முழுதும் திறந்து முடிவதற்குள்ளாகவே பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படைப்பிரிவின் டாங்கிகள் அதன் வழியே பாய்ந்தன. டிசம்பர் 16 அன்று அங்கே வீழ்ந்த அந்த டாங்கிப் படை அதிகாரி அருண் கேதர்பாலுக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்தது. பாதை திறக்கும் பணியிலேயே உயிர்நீத்த அந்த ரெஜிமென்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு மகாவீர் சக்கரம். அப்பா அதே மேற்கு முனையில் வேறொரு கம்பெனியில் இருந்தவர். “அவங்களுக்குக் கொடுத்த பேரை எனக்குப் போடாதேம்மா” என்றார். கண்ணிவெடியைத் தேடும் கம்பியை மண்ணில் நேராகக் குத்தக் கூடாது, சாய்வாக, உள்ளங்கை அறியும்படி மெதுவாகச் செலுத்த வேண்டும் என்பதை, என் மேசையில் கிடந்த பற்குச்சியை எடுத்து நுரைத்தகட்டில் செலுத்திக் காட்டினார். 82 வயதில், அந்தக் கை நடுங்கவில்லை. போரைப் பற்றி அவர் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அதுவே முதல்முறை.

தலைப்புப் பட்டையில் இப்போது இருப்பது: பதவி, பெயர், மெட்ராஸ் சாப்பர்ஸ், 1963–1987. அதன் கீழே ஏழு பதக்கங்களின் பெயர்கள், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கும் வரிசையில். நினைவிலிருந்தோ குடும்பத்தில் வழங்கும் கதையிலிருந்தோ எதையும் எழுதவில்லை. பதிவேட்டில் இருப்பது மட்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் மடிப்புகளில் யாரோ ஒட்டிய செலோடேப் பழுப்பேறி, தாளுக்குள் எண்ணெயாக ஊறியிருந்தது. அதைப் பிய்க்காமல், பாலியெஸ்டர் உறையில் இட்டுத் தனியே வைத்தேன். லேமினேஷன் செய்யாதீர்கள், சூடும் பசையும் சேர்ந்து மூலத்தாளைத் திரும்பப் பெற முடியாதபடி ஆக்கிவிடும். ஓய்வூதியத்துக்கும் பிற உரிமைகளுக்கும் அந்தப் புத்தகம் இன்னும் தேவைப்படும் ஆவணம்.

படத்துக்கும் அதே விதி. அப்பாவின் பயிற்சி முடிந்த நாளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் பழைய சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. ஈரத்தில் ஜெலட்டின் இளகி ஒட்டிய படத்தைப் பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலேயே வைத்து ஸ்கேன் செய்து, அச்சுப் பிரதியைத்தான் பேழையில் வைத்தேன்.

எல்லாம் முடிந்து, பின்பலகையைச் சிறு ஆணிகளால் அடித்து, தூசி புகாதபடி தாள் ஒட்டி மூடி, பதக்கக் கம்பியையும் நூலால் அட்டையோடு தைத்து, பெருமையோடு அப்பாவிடம் கொடுத்தேன். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். விரல்கள் பின்பலகையின் விளிம்பைச் சுற்றி வந்தன.

“இதை எப்படித் தொறக்கிறது?”

“தொறக்க வேண்டாம்ப்பா. உள்ளே தூசி போகாது, ஈரம் போகாது.”

“சரி. அப்போ நான் எப்படிப் போட்டுக்கிறது?”

எனக்குப் பதில் இல்லை. இணையத்தில் நான் படித்த செய்முறைகள் எல்லாம் மறைந்தவர்களின் நினைவுக்காகச் செய்தவை. அவற்றைப் பின்பற்றி, உயிரோடு என் எதிரே உட்கார்ந்திருப்பவரின் பதக்கங்களை அவருக்கே எட்டாதபடி பூட்டிவிட்டேன். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, பழைய தோழர்கள் கூடும்போது, அவர் அவற்றை அணிந்து போவார். நான் அதை அறிந்தே இருந்தேன். பேழை செய்யும்போது மட்டும் மறந்துவிட்டேன். உங்கள் வீட்டுப் படைவீரர் உயிரோடு இருக்கிறார் என்றால், முதல் அளவை எடுப்பதற்கு முன்பே அவரைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்த இரண்டு வாரம் பின்பலகையைப் பிரித்து மறுபடி செய்தேன். ஆணிகளுக்குப் பதில் நான்கு பித்தளைத் திருகு கொண்டிகள். கால் திருப்பு திருப்பினால் பலகை கையோடு வந்துவிடும், திருப்புளி வேண்டாம். பலகையின் விளிம்பில் பாலிஎத்திலீன் நுரைப்பட்டை ஓடுவதால் மூடும்போது இறுக்கமாக அமர்கிறது. தைத்த நூலை வெட்டி எடுத்துவிட்டு, துணி சுற்றிய ஒரு மரப்பட்டியை நுரையின் மேல்விளிம்பில் பொருத்தினேன். பதக்கக் கம்பியின் ஊசியையே அந்தப் பட்டியில் குத்திக்கொள்ளலாம், சட்டையில் குத்துவது போலவே. அட்டையும் நுரையும் ஒரே தட்டாகப் பின்வழியே வெளியே வரும். தட்டுக்குப் பின்னால் ஒரு சிறு அறை விட்டு, துளையிட்ட உறையில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்திருக்கிறேன். திறக்கும்போதெல்லாம் நிறம் பார்த்து, மாறியிருந்தால் அடுப்பில் உலர்த்தித் திரும்ப வைக்கலாம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் தகடு கண்ணாடியைவிட எடையும் குறைவு என்பதால், முன்பக்கத்தையும் இந்தச் சாக்கில் மாற்றிவிட்டேன். இருந்தாலும் வெயில் விழும் சுவரில் மாட்டவில்லை; ரிப்பனின் சாயத்துக்குப் புற ஊதாக் கதிர் மட்டும் பகையன்று, வெறும் வெளிச்சமும் பகைதான். துணிகளுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு) மேல் ஒளி விடுவதில்லை. எங்கள் கூடத்தின் உள்சுவர், சன்னலுக்குப் பக்கவாட்டில், அப்பாவின் மார்பு உயரத்தில். அவர் கையைத் தூக்காமலே எடுக்கும்படி.

மெட்ராஸ் சாப்பர்ஸின் தொடக்கம் 1780 செப்டம்பர் 30. அந்த நாளில் பழைய தோழர்கள் கூடினார்கள். காலையில் நான் எழுந்து வரும்போது பேழை மேசை மேல் குப்புறக் கிடந்தது. கொண்டிகள் நான்கும் திரும்பியிருந்தன. அப்பா கண்ணாடி முன் நின்று, ரிப்பன்களின் மேல்விளிம்பு சட்டைப்பைக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு பதக்கங்களும் ஒரு வெறும் ரிப்பனும். நட்சத்திரத்தின் ஒரு முனை குழிக்குள் சற்றுச் சிக்கியது என்று சொன்னார். அவர் புறப்பட்ட பிறகு அந்தக் குழியின் ஓரத்தை இரண்டு மி.மீ. அகலப்படுத்தி, துணியை மறுபடி பதித்து, ஏழாவது குழியில் படிந்திருந்த நூல்துணுக்குகளையும் எடுத்து வைத்தேன்.